எதை விட

லேப் டிப் மூன்று துண்டு: ஏ, பி, சி.
லைட் பாக்ஸுக்குள் தலையை நுழைத்து
நாச்சிமுத்து மாஸ்டர் சொல்கிறார்,
'பி ஒரு நூல் தூக்கலுங்.
சி-தான் அப்ரூவல் பீஸாட்டமே இருக்குது.'

ஒரு நூல் தூக்கலையும்
அந்த ஆட்டத்தையும்
ஆறு மணிக்குள் ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்ப வேண்டும்.

பி மோர் டார்க்கர் தென் அப்ரூவ்டு,
சி அஸ் சேம் அஸ் அப்ரூவ்டு
என்று அடித்து அனுப்பிய வருடங்கள் உண்டு.
எல்கே ஒரு நாளும் திருத்தியதில்லை.
அவள் பதிலில் அதே வாக்கியம்
வெறும் டார்க்கராகத் திரும்பி வரும்,
மோரை வடித்துவிட்டு.
டார்க்கரின் வாலிலேயே மோர் இருக்கிறதாம்.
நான்தான் ஊற்றியதன் மேல் ஊற்றியிருக்கிறேன்.

தென், தேன்
இரண்டும் என் காதில் ஒன்றாக விழுந்தவை.
முதலாவதற்கு அப்புறம் என்று பொருள்.
இரண்டாவதற்கு விட.
ஓர் ஆலிவ் ஆர்டரில் அவள் எழுதினாள்,
பி, ராதர் தேன் சி.
அவசரத்தில் ராதரைக் கண் தாண்டிவிட்டது.
பி-யைச் சாயமேற்றி, அப்புறம் சி-யையும் ஏற்றினோம்.
இருநூற்றுப் பத்து கிலோ பச்சை
காதர்பேட்டையில் வந்த விலைக்குப் போயிற்று.
'ஒரு குறில் நெடிலுக்கு
உன்ற ஒன்றரை மாசச் சம்பளம் அம்மிணி'
என்றார் கணக்கு பொங்கியண்ணன், சிரிக்காமல்.

அன்றிரவு தூக்கம் இல்லை.
நம்மில் சொல்லுக்கு வால் முளைப்பதில்லை.
எதன் பக்கத்தில் வைத்தாலும் கருப்பு கருப்புதான்.
பக்கத்தில் இருப்பதைத்தான் விடுகிறோம்.
அதை விட. அவளை விட.
கைவிடுவதற்கும் இதே விட.
இந்தப் பக்கத்துப் பேச்சில் அதுகூட வேண்டாம்,
'அதுக்கு இது தேவலைங்' என்றால் முடிந்தது.
யாரையும் விடாமலே ஒப்பிட்டுவிடுவோம்:
மாமன் மகளுக்கு இவள் நிறம் கம்மி,
அண்ணனுக்குத் தம்பி கெட்டி,
போன வருச மழைக்கு இந்த வருசம்.

புதுத் துணி ஒன்றைப் பற்றி
திஸ் குவாலிட்டி இஸ் பெட்டர் என்று எழுதினேன்.
மோர் இல்லை, வால் சரி,
பெருமையாகக்கூட இருந்தது.
எல்கே முதன்முறையாக என்னைக் கேள்வி கேட்டாள்.
பெட்டர் தேன் வாட்?

அது சாயம் மாதிரி ஒட்டிக்கொண்டது,
சோடா போட்டாலும் போகாமல்.
பிரதான சாலை போர்டில் 'குறைந்த விலை'.
எதை விட?
தெய்வசிகாமணி சார் வாசலில் நின்று,
'நீ நல்லாத்தான் பண்றே.'
எதை விட, சார்? கேட்கவில்லை.

பிரனேஷின் சம்பளச் சீட்டு
பிரிண்டர் தட்டில் கிடந்தது, மறதியாக.
எனக்கு மூன்று வருடம் பின்னால் வந்தவன்.
ஏழாயிரம் முன்னால் நிற்கிறான்.

மடல் திறந்தேன்.
யூ பே பிரனேஷ் மோர் தேன் மீ.
படித்துப் பார்த்தால் இரண்டு விதமாக நிற்கிறது.
எனக்குக் கொடுப்பதை விட
அவனுக்கு அதிகம் கொடுக்கிறீர்கள்.
அல்லது,
நான் அவனுக்குக் கொடுப்பதை விட
நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்கள்.
பின்னதும் பொய்யில்லை.
காஸ்டிங் ஷீட் கொடுத்திருக்கிறேன்,
எந்த பையர் எதற்குக் கோபிப்பார் என்று கொடுத்திருக்கிறேன்,
இரண்டு தீபாவளி லீவு கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் இரண்டே சொல் சேர்த்தேன்.
தேன் யூ பே மீ.
அனுப்பு.

ஐந்து ஐம்பதுக்குப் பதில்.
நெக்ஸ்ட் இயர் வில் பி பெட்டர்.

பெருமாநல்லூர் பஸ் படி வரை ஆள்.
தொங்கியபடி கண்டக்டர் கத்துகிறார்,
'பின்னால வர்றது இதுக்குக் காலிங்!'
இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.
ஒரு காலை வைத்து ஏறி
மற்றக் கைக்குக் கம்பி கிடைத்ததும்
போனை எடுத்தேன்.
ஒற்றைக் கட்டைவிரலால்
ஒவ்வோர் எழுத்தாக,
தேனை நெடிலாகவே,
அவருக்கு.